கதிருக்கு வரும் கிளி எது?

சோளமும் மக்காச்சோளமும் பால் பிடிக்கும் நாட்களில் புதுக்கோட்டை வட்டாரத்து விவசாயிகளின் பேச்சில் அதிகம் அடிபடுவது கிளியின் பெயர். விடிந்ததும் விடியாததுமாக ஒரு கூட்டம் கூச்சலிட்டுக்கொண்டு வந்து இறங்கும். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் வரப்போரத்து வரிசைகளில் கதிர்கள் தோலுரிந்து நிற்கும். தின்றது கொஞ்சம், கீழே சிந்தியது அதிகம். கல்லெறிந்தால் பக்கத்துப் புளியமரத்தில் போய் உட்கார்ந்துவிட்டு, ஆள் நகர்ந்ததும் மறுபடி வரும்.

மதுரை மீனாட்சியின் கையிலும் ஆண்டாளின் கையிலும் இருக்கும் பறவை என்பதால் பலருக்குக் கிளியின்மீது கைவைக்க மனம் வருவதில்லை. வேறு சிலர் கோபத்தில் விஷம் கலந்த தானியத்தை வைத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே, பயிரையும் காத்து வழக்கிலும் சிக்காமல் இருக்க வழி உண்டா என்று பார்க்கலாம். அதற்கு முதலில் வருவது எந்தக் கிளி என்று தெரிந்தாக வேண்டும். பச்சையாக இருப்பதெல்லாம் ஒரே கிளி அன்று.

தமிழ்நாட்டு விவசாயி தன் நிலத்தில் காணக்கூடிய கிளிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த பச்சைக்கிளி. பறவை நூல்களில் இதற்குச் செந்தார்ப் பைங்கிளி என்று பெயர். மற்றொன்று செந்தலைக் கிளி. ஊதாத்தலைக் கிளி என்றும் சொல்வது உண்டு.

பச்சைக்கிளி அலகு நுனி முதல் வால் நுனி வரை சுமார் 42 சென்டிமீட்டர் நீளம். எடை 100 முதல் 140 கிராம் வரை இருக்கும். அலகு சிவப்பு. வளர்ந்த ஆணின் கழுத்தில் கருப்பும் ரோஜா நிறமும் கலந்த ஆரம் ஒன்று ஓடும். பெண்ணுக்கு அந்த ஆரம் கிடையாது. ஆண் குஞ்சுக்கும் ஆரம் வர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். ஆகவே கூட்டத்தில் ஆரமில்லாத கிளிகளைப் பார்த்துவிட்டு இது வேறு இனம் என்று நினைத்துவிடக் கூடாது.

செந்தலைக் கிளி சிறியது. நீளம் சுமார் 36 சென்டிமீட்டர். அதிலும் பாதிக்கு மேல் வால்தான். எடை 100 கிராமுக்குள். ஆணின் தலை பழுத்த நாவல் பழத்தைத் துடைத்து வைத்தாற்போல் சிவப்பும் நீலமும் கலந்திருக்கும். தோளில் ஒரு சிறு சிவப்புத் திட்டு தெரியும். பெண்ணின் தலை சாம்பல் நிறம், கழுத்தைச் சுற்றி மங்கிய மஞ்சள். இரண்டுக்கும் மேல் அலகு மஞ்சள். தூரத்தில் பறக்கும்போது தலை நிறம் தெரியாது. அப்போது வாலைப் பார்க்க வேண்டும். நீல வாலின் நுனியில் வெள்ளை பளிச்சென்று தெரிந்தால் அது செந்தலைக் கிளி.

குரலைக் கேட்டும் சொல்லிவிடலாம். பச்சைக்கிளியின் குரல் கரகரவென்று காதைத் துளைக்கும். செந்தலைக் கிளி பறந்துகொண்டே 'டூயி, டூயி' என்று ஏறக்குறைய இனிமையாகவே கூவும். கூட்டமாக அம்பு போல் வேகமாகப் போகும்.

தோளில் பெரிய சிவப்புத் திட்டும் தடித்த அலகும் கொண்ட இன்னொரு பெரிய பச்சைக்கிளி உண்டு. நீளம் 53 சென்டிமீட்டர் வரை இருக்கும். அது வட மாநிலங்களில்தான் அதிகம். நம் பக்கத்தில் கூண்டிலிருந்து தப்பியதாக ஒன்றிரண்டு கண்ணில் படலாம். பயிர்க்கணக்கில் அதைச் சேர்க்க வேண்டியதில்லை.

திருக்கோகர்ணத்தில் உள்ள புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் சமஸ்தான காலத்தில், 1910-இல் தொடங்கப்பட்டது. கல்வெட்டும் சிற்பமும் பார்க்கத்தான் பெரும்பாலோர் அங்கே போகிறார்கள். விலங்கியல் பிரிவும் அங்கு இருக்கிறது. பறவைகளின் அலகு, கால், வால் அமைப்பைக் கிட்டத்தில் நின்று பார்த்துப் பழக அப்படிப்பட்ட இடங்கள் நல்லவை. பிரகதாம்பாள் கோயிலுக்கு வருகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம்.

குணத்திலும் வேறு

அளவைவிடக் குணத்தில்தான் இரண்டுக்கும் வேற்றுமை அதிகம். பச்சைக்கிளி மனிதனை அண்டி வாழக் கற்றுக்கொண்ட பறவை. ஊர், நகரம், தோப்பு, கண்மாய்க்கரை, கோயில் கோபுரம் எதுவானாலும் அதற்குச் சரி. பொந்து கிடைத்தால் போதும். பழைய சுவரின் ஓட்டையிலும் கோபுரத்துச் சுதைகளுக்கு நடுவிலுள்ள சந்திலும்கூடக் குஞ்சு பொரிக்கும். இரவில் நூற்றுக்கணக்காக, சில இடங்களில் ஆயிரக்கணக்காக, காகங்களோடும் மைனாக்களோடும் ஒரே தோப்பில் அடையும். காலையில் அங்கிருந்து கிளம்பிப் பல கிலோமீட்டர் தூரம் இரை தேடிப் போய், மாலையில் திரும்பும்.

இதன் சாமர்த்தியம் கடல் தாண்டியும் தெரிந்திருக்கிறது. கூண்டிலிருந்து தப்பிய கிளிகள் பெருகி லண்டன் நகரத்துப் பூங்காக்களில் இன்று சர்வ சாதாரணமாகத் திரிகின்றன. அந்தப் பனியையும் அது தாங்கிக்கொண்டது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1960-களில் வெளியே போன சில கிளிகளின் வாரிசுகள் இப்போது அங்கே மக்காச்சோளத்துக்கும் லிச்சிப் பழத்துக்கும் பெருந்தொல்லையாகிவிட்டன.

செந்தலைக் கிளி அப்படி எங்கும் போய்க் குடியேறவில்லை. இந்தியத் துணைக்கண்டத்தையும் இலங்கையையும் தவிர வேறெங்கும் அதற்கு இயற்கையான இருப்பிடம் இல்லை. அது காட்டையும் மலையடிவாரத்தையும் விட்டு அதிகம் விலகாது. பச்சைமலை, கொல்லிமலை, சிறுமலை போன்ற மலைகளின் அடிவாரத்து நிலங்களில் இதைக் காணலாம். ஆல், அத்திப் பழங்கள், காட்டு விதைகள், இலுப்பைப் பூ, முருக்கம்பூவின் தேன் ஆகியவை அதன் இயற்கை உணவு. காட்டோரத்துச் சோளக்கொல்லையிலும் பழத்தோட்டத்திலும் அது இறங்காமல் இல்லை. ஆனால் அதன் கூட்டம் பொதுவாகச் சிறியது. ஓரிடத்தில் இரை தீர்ந்தால் வேறிடம் போய்விடும்.

ஆகவே திருக்கோகர்ணம், திருமயம், ஆலங்குடிப் பக்கத்துச் சமவெளியில் கதிரை அழிப்பது அநேகமாகப் பச்சைக்கிளிதான். மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர் மட்டும் வால் நுனியைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால், பச்சைக்கிளிக் கூட்டம் ஒரு வயலைப் பழகிவிட்டால் விளைச்சல் முடியும்வரை நாள் தவறாமல் வரும். அதற்குத் தொடர்ந்த காவல் தேவை. செந்தலைக் கிளிக்கு ஒரு வார விழிப்பே பல சமயம் போதும்.

பழியைக் கிளியின்மேல் போடுமுன்

பயிர்ச் சேதம் எல்லாவற்றையும் கிளியின் கணக்கில் எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. கொய்யா மரத்தடியில் காலையில் சப்பிய சக்கை உருண்டையாக விழுந்து கிடந்தால் அது இரவில் வந்த வௌவால் வேலை. வரிசையாகப் பல் பதிந்த கீறல் இருந்தால் அணில். பழத்தில் ஆப்பு வைத்தாற்போல் வெட்டி எடுத்து, இரண்டு கடி தின்றுவிட்டு முழுப் பழத்தையும் கீழே போட்டிருந்தால் அது கிளி. மக்காச்சோளத்தில் கிளி நுனியிலிருந்து மேல் தோலை நார்நாராகக் கிழித்துக்கொண்டு வரும். தோகை கிழியாமல் செடியே சாய்ந்து கிடந்தால் எலியையோ பன்றியையோ தேட வேண்டும். மயிலும் இந்த மாவட்டத்தில் குறைவில்லை. தரையில் கால் தடம் பார்த்தால் தெரிந்துவிடும்.

கிளியால் பயிருக்கு நன்மையும் உண்டு என்று சிலர் எழுதுகிறார்கள். உள்ளதைச் சொல்வதானால், புழு பூச்சியைத் தின்று விவசாயிக்கு உதவும் பறவை அன்று இது. மைனாவும் கரிச்சானும் செய்யும் வேலையைக் கிளி செய்யாது. விதையை உடைத்துத் தின்பதால் விதை பரப்புவதும் குறைவு. அது உயிரோடு இருக்க வேண்டியதற்குக் காரணம் வேறு. அதைக் கொல்வதால் விவசாயிக்கு லாபம் இல்லை என்பதற்கும் காரணம் வேறு.

சின்ன நிலத்துக்கே பெரிய நஷ்டம்

கிளி வயலின் நடுவில் இறங்குவது குறைவு. உட்கார மரமும் தப்பிக்க வழியும் இருக்கும் ஓரத்தில்தான் முதலில் கைவைக்கும். சிறு விவசாயிகள் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அரை ஏக்கர் சதுர நிலம் என்றால் பக்கத்துக்கு 45 மீட்டர். சுற்றளவு 180 மீட்டர். 60 சென்டிமீட்டர் இடைவெளியில் வெளி வரிசை மூன்றைக் கிளி அழிக்கிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தப் பயிரில் சுமார் 15 சதவீதம் போகிறது. இதே மூன்று வரிசை 5 ஏக்கர் நிலத்தில் போனால் நஷ்டம் 5 சதவீதம்தான். ஒரே கிளி, ஒரே கூட்டம், ஆனால் அரை ஏக்கர்காரருக்கு மூன்று மடங்கு இழப்பு. அடுத்தவர் யாரும் விதைக்காதபோது தான் மட்டும் முன்னதாகவோ பின்னதாகவோ விதைத்தவர் நிலை இன்னும் மோசம். சுற்று வட்டாரத்துக் கிளியெல்லாம் அந்த ஒரு துண்டு நிலத்துக்கே வரும்.

இதற்கு மருந்துக் கடையில் பரிகாரம் இல்லை. அடுத்தடுத்த நிலத்துக்காரர்கள் நாலைந்து பேர் பேசி வைத்து, ஒரே வாரத்தில், ஒத்த வயதுள்ள ரகத்தை விதைத்தால் அவர்கள் நிலமெல்லாம் சேர்ந்து கிளியின் கண்ணுக்கு ஒரே வயலாகிவிடும். ஓரம் குறையும், காவலையும் முறை வைத்துக்கொள்ளலாம். சொல்வது எளிது, பங்காளிகளுக்குள் செய்வது கடினம் என்று சொல்வார்கள். செய்து பார்க்காமல் சொல்வதற்கில்லை.

காவலுக்கு உரிய நேரம் பொழுது விடிந்து இரண்டு மூன்று மணி நேரமும், அடைவதற்கு முன் மாலை இரண்டு மணி நேரமும்தான். உச்சி வெயிலில் கிளி மர நிழலில் இருக்கும். நாள் முழுவதும் ஒரு பிள்ளையைப் படிப்பைக் கெடுத்துக் கொல்லையில் நிறுத்த வேண்டியதில்லை. காவல் தேவைப்படும் காலமும் நீண்டதன்று. மணி பால் பிடித்தது முதல் கெட்டியாகும் வரை இரண்டு மூன்று வாரங்கள்.

இந்த வேலை தமிழனுக்குப் புதிதும் அன்று. தினைப்புனத்தில் பரண் கட்டி, கவணும் தட்டையும் குளிரும் தழலும் வைத்துக்கொண்டு குறிஞ்சி நிலத்துப் பெண்கள் கிளி ஓட்டியதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. வள்ளி செய்ததும் அதே காவல்தான். அந்தக் கருவிகளின் சூட்சுமம் ஒன்றே: ஓசை எதிர்பாராத இடத்திலிருந்து, எதிர்பாராத நேரத்தில் வர வேண்டும். ஒரே இடத்தில் ஒரே சத்தம் என்றால் கிளி மூன்றாம் நாள் பழகிவிடும். வைக்கோல் பொம்மையானாலும் தகர டப்பாவானாலும் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றினால்தான் பலன்.

மினுங்கும் நாடா

ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளியுமாக மினுங்கும் பிளாஸ்டிக் நாடா பறவைகளை விரட்டப் பல இடங்களில் பயன்பட்டு வருகிறது. ஒரு விரல் அகலம் இருக்கும். கதிர் மட்டத்துக்கு அரை முதல் ஒரு மீட்டர் உயரத்தில், மூங்கில் குச்சிகளுக்கு இடையே வடக்கு தெற்காகக் கட்ட வேண்டும். கட்டும்போது இரண்டு மூன்று முறுக்கு விட்டால் காற்றில் துடித்து வெயிலை மாறி மாறி அடிக்கும். 'விர்' என்று ஒரு சத்தமும் வரும். வரிசைக்கு வரிசை 5 மீட்டர் இடைவெளி விடலாம். கையைக் கடிக்கிறது என்றால் மரம் உள்ள பக்கத்து ஓரங்களில் மட்டும் நெருக்கிக் கட்டலாம்.

இதைப் பால் பிடிக்கும் நாளுக்கு முன்பே கட்டி வைப்பது தவறு. தேவைப்படும் நேரத்துக்குள் கிளி பழகிப் போய்விடும். மேகமூட்டமான, காற்றில்லாத நாளில் பலன் குறைவு என்பதையும் மனதில் வைக்க வேண்டும். அன்று ஆள் போய்த்தான் தீர வேண்டும்.

மக்காச்சோளத்துக்கு இதைவிடச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. வெளி வரிசை இரண்டு மூன்றில், கதிருக்குப் பக்கத்திலுள்ள பச்சைத் தோகை இரண்டை வளைத்துக் கதிரின்மேல் சுற்றிச் செருகிவிட வேண்டும். கதிர் கண்ணுக்குத் தெரியாது, கிளிக்கு உட்காரப் பிடியும் கிடைக்காது. கதிர் நுனிப் பட்டு நூல் காய்ந்து பழுப்பான பிறகே இதைச் செய்ய வேண்டும். முன்னால் மூடினால் மகரந்தம் சேராமல் மணி பிடிக்காது. அரை ஏக்கருக்கு வெளி வரிசை மட்டும் என்பதால் வீட்டு ஆட்களே செய்து முடித்துவிடலாம். சோளத்தில் இது முடியாது. சோளத்துக்கு நாடாவும் காவலும்தான்.

கொய்யா, மாதுளைக்குப் பழத்தைப் பையிட்டு மூடுவது நல்லது. பழைய துணி, காகிதப் பை எதுவும் ஆகும். மரம் முழுவதையும் வலை போட்டு மூடுகிறவர்கள் வலையைத் தளர விடாமல் இழுத்துக் கட்ட வேண்டும். தொங்கும் வலையில் கிளி, மைனா, பாம்பு எல்லாம் சிக்கும். காலையும் மாலையும் பார்த்து விடுவிப்பதும் வலை போட்டவர் பொறுப்பு.

மிளகாய்க் கரைசல் தெளித்தால் கிளி வராது என்று ஒரு நம்பிக்கை பல ஊர்களில் இருக்கிறது. இதில் பணத்தை வீணாக்க வேண்டாம். மிளகாயின் காரம் மனிதன், மாடு, அணில் போன்ற பாலூட்டிகளுக்குத்தான் உறைக்கும். பறவையின் வாய்க்கு அது உறைப்பதே இல்லை. கிளி பழுத்த மிளகாயை ஆசையாகத் தின்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

விஷமும் பொந்தும்

விஷம் கலந்த தானியத்தைக் கிளி மட்டும் தின்னாது. மயில், புறா, கோழி, சில சமயம் ஆடும் தின்னும். மயில் நம் நாட்டுப் பறவை. அது செத்தால் வழக்கு மிகக் கடுமையானது. கிளிக்கும் சட்டம் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தொல்லை தரும் பிராணிகள் என்று ஓர் அட்டவணை இருந்தது. காகம், பழந்தின்னி வௌவால், எலி ஆகியவை அதில் இடம்பெற்றிருந்தன. கிளி இல்லை. 2022-இல் செய்த திருத்தத்தில் அந்த அட்டவணையே எடுக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய அட்டவணைகளில் கிளிகளுக்கு இரண்டாம் அட்டவணைப் பாதுகாப்பு இருக்கிறது. பிடிப்பது, கூண்டில் வைப்பது, விற்பது, கொல்வது எல்லாம் குற்றம். கிளி ஜோசியக்காரரின் கூண்டும் வீட்டுத் திண்ணையில் தொங்கும் கூண்டும் இதற்கு விலக்கில்லை.

தை, மாசி மாதங்களில் ஊருக்குள் சிலர் வந்து, பொந்துள்ள மரத்தைக் காட்டினால் பணம் தருவதாகச் சொல்வது உண்டு. மார்கழி முதல் சித்திரை வரை இரு வகைக் கிளிகளும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம். குஞ்சை எடுக்கப் பொந்தை வெட்டி அகலப்படுத்துவார்கள், சில நேரம் கிளையையே சாய்த்துவிடுவார்கள். வந்தவர் போய்விடுவார். மரம் நிற்பது விவசாயியின் பட்டாவில். விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

இங்குதான் பெரிய கிளிக்கும் சிறிய கிளிக்கும் உள்ள வேற்றுமை மறுபடி முக்கியமாகிறது. பச்சைக்கிளிக்குப் பொந்து போனால் சுவர் இருக்கிறது, கோபுரம் இருக்கிறது. செந்தலைக் கிளி மரப்பொந்தை நம்பியே இருக்கிறது. மரங்கொத்தியும் குக்குறுவானும் விட்டுப்போன துளையை அலகால் செப்பனிட்டுக் குடியேறும். மரம் போனால் அதற்கு மாற்றில்லை. கிளியை ஒழிப்பதாக எண்ணிப் பொந்து மரத்தை வெட்டுகிறவர் தொல்லை தராத சிறிய கிளியை விரட்டுகிறார். தொல்லை தரும் பச்சைக்கிளி பல கிலோமீட்டருக்கு அப்பால் அடைந்துவிட்டு, காலையில் வழக்கம்போல் வரும்.

பொந்து மரம் போவதால் விவசாயிக்கு நேர் நஷ்டம் ஒன்றும் உண்டு. கூகையும் ஆந்தையும் அந்தப் பொந்தில்தான் வாழ்கின்றன. இரவெல்லாம் நெல் வயலில் எலி பிடிக்கும் காவல்காரர்கள் அவை. 2018 நவம்பர் 16-இல் அடித்த கஜா புயலில் இந்த மாவட்டத்தில் தென்னையும் பலாவும் மட்டுமல்லாமல் வயதான புளி, ஆல் மரங்களும் ஏராளமாகச் சாய்ந்தன. ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை வெட்டும் தைலமரத் தோப்பில் பொந்து விழ வழியே இல்லை. எனவே கண்மாய்க்கரையில் மிஞ்சி நிற்கும் பட்ட மரத்தையும் மொட்டைப் பனையையும் விறகு விலைக்குக் கொடுக்குமுன் ஒருமுறை யோசிப்பது நல்லது. ஆளுக்கோ வீட்டுக்கோ ஆபத்தில்லாத இடத்தில் நின்றால் அப்படியே விட்டுவிடலாம்.

மினுங்கும் நாடா பற்றியும் ரகத் தேர்வு பற்றியும் வம்பனில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம். வலையில் சிக்கிக் காயம்பட்ட கிளி கிடைத்தால் காற்றோட்டம் உள்ள அட்டைப் பெட்டியில் இருட்டாக மூடி வைத்து, அன்றைக்கே அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். வெறுங்கையால் பிடித்தால் கடித்துவிடும். ஒரு துண்டைப் போர்த்திப் பிடிப்பதே சரி.